இளஞ்சூடு

அந்தக் கல்குவாரிப் பட்டறையில் எல்லாம் தலைகீழ். குருவுக்கு வயது குறைவு, சீடருக்குத் தலையில் பாதி நரை. உளி அடித்து, அதைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் போடுவதில் பொன்னுருவியை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. அவளிடம் தொழில் கற்க வந்த சீமோன் அவளை "ஆசாரியம்மா" என்பார். அவளுக்கு அவர் "அண்ணே".

சீமோனுக்கு ஒரு விஷயம் மட்டும் மண்டையில் ஏறவேயில்லை. சிவக்கக் காய்ச்சிய உளியைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் அரம்கூட வழுக்கும், அவ்வளவு கெட்டி. அதைப் போய் மறுபடியும் தணலுக்குப் பக்கத்தில் வைத்து, நுனி வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை காத்துக் கிடப்பாள் பொன்னுருவி.

"கெட்டியானத எதுக்கு ஆசாரியம்மா இளக்கணும்?"

"பொறுங்கண்ணே, நிறம் வரட்டும்."

இதெல்லாம் ஒரு பதிலா? சீமோனுக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் அவள் கரி வாங்கப் போயிருந்தபோது, கல் உடைக்கும் மாசானம் உளி கேட்டு வந்தார். சீமோனுக்குக் கை துறுதுறுத்தது. தண்ணீரிலிருந்து எடுத்த உளியை, இளஞ்சூடு காட்டாமல் அப்படியே கொடுத்தனுப்பினார். குருவையே மிஞ்சிவிட்டோம் என்று உள்ளுக்குள் குஷி வேறு.

முதல் அடியிலேயே உளி கண்ணாடி மாதிரி தெறித்தது. மாசானத்தின் முகமெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விஷயம் கேட்டுப் பொன்னுருவியும் அங்கேயே போய்விட்டாள். சீமோன் பட்டறைக்குள் போகவில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலிலேயே விறைத்து நின்றார்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தாள்.

"கண்ணு தப்பிச்சிருச்சுண்ணே. புருவத்துலதான் தையல்."

போன உயிர் வந்தது சீமோனுக்கு. வெட்கத்தை விட்டுத் தேம்பி அழுதார். அழுது முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் கிளம்புறேன் ஆசாரியம்மா. இந்தக் கை இனிமே இரும்பத் தொடாது."

பொன்னுருவி உள்ளே போய்த் துருத்தியை ஊதினாள். ஒரு உளியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாள். 'சுர்' என்று ஆவி அடங்கியதும் அதை வாசலுக்கு எடுத்து வந்து காட்டினாள்.

"இத இப்படியே மாசானத்துக்குக் குடுத்துவிடலாமா?"

"ஐயோ, வேண்டாம்! உடைஞ்சிரும்."

"அப்ப உங்கள மட்டும் எப்படிண்ணே இப்படியே அனுப்புவேன்? உள்ள வந்து உக்காருங்க. தணல் இன்னும் ஆறல."