கோமதிநாயகம் சோதித்த பென் டிரைவ்

குற்றாலத்துக்குத் தெற்கே, மலை தரையைத் தொடும் இடத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. அங்கே குருவுக்கு வயது நாற்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்தொன்று. குரு சீடரை 'அண்ணாச்சி' என்று அழைத்தார். சீடர் குருவைச் 'சாமி' என்று அழைத்தார். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

குருவின் பெயர் நல்லசிவம். சீடர் கோமதிநாயகம், மின்வாரியத்துப் பொறியாளர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர். குரு நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று பார்ப்பதும், சாப்பிடாவிட்டால் கடிந்துகொள்வதும் அவர் தானாக எடுத்துக்கொண்ட வேலைகள். குருவின் காலை உரைகளைப் பதிவுசெய்து, நேரில் வர முடியாதவர்களுக்குப் பென் டிரைவில் போட்டு அனுப்புவது மடம் கொடுத்த வேலை.

ஒருநாள் கடையத்திலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார். அவருக்கு அனுப்பிய பென் டிரைவில், முதல் சில உரைகளுக்குப் பிறகு சத்தமே வரவில்லை.

"மௌனத்தைப் பத்தின உரைன்னு நினைச்சுக்கிட்டு தினமும் கேட்டேன். மனசுக்கு எவ்வளவு இதமா இருந்துச்சு தெரியுமா? இப்ப எங்க வீட்டுப் பேரன் வந்து பழுதுங்கிறான்" என்றார்.

குரு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "நான் பேசினதுலயே அந்த உரைதான் நல்லா வந்திருக்கு, அண்ணாச்சி."

கோமதிநாயகம் சிரிக்கவில்லை. "சோதிச்சுப் பாத்துத்தான் அனுப்பினேன் சாமி. எல்லாம் பச்சை காட்டுச்சு."

அவர் சோதிக்கும் முறை இது. பென் டிரைவ் கொள்ளும் மட்டும் உரைகளை எழுதுவார். பிறகு எழுதியதைத் திரும்பப் படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிடும்படி கம்ப்யூட்டரிடம் சொல்வார். ஒன்று என்றால் திரையில் பச்சைக் கோடு வரும். எங்காவது மாறியிருந்தால் சிவப்பு. ஒரே கடையில் வாங்கியவை இன்னும் ஒரு டப்பா நிறைய இருந்தன. எல்லாவற்றையும் மறுபடி சோதித்துவிடுவது என்று அவர் உட்கார்ந்தார்.

அந்த வேலை முடிவதற்குள் மகள் பிரமு மதுரையிலிருந்து கூப்பிட்டாள். மாடிப்படியில் விழுந்து கால் எலும்பு முறிந்திருந்தது. கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன். உடனே வர வழியில்லை. வீட்டில் மாமியார் மட்டும் இருந்தார்.

"அப்பா, நீங்க வாங்க. வந்து ரெண்டு மாசம் இருங்க" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "கோவப்படாம இருக்க முடியும்னா வாங்க. முடியாதுன்னா வேணாம். எனக்கு இப்ப அதைத் தாங்கத் தெம்பு இல்ல" என்றாள்.

அவள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில், சம்பந்தியம்மாள் இலையில் விழுந்த தேங்காய்ப்பால் சொதியைப் பார்த்து, "இதென்ன வெள்ளைக் குழம்பு?" என்று கேட்டார். மதுரைக்காரர், தெரியாமல் கேட்டதுதான். கோமதிநாயகம் அப்போது போட்ட சத்தத்தில் பந்தி முழுக்க எழுந்துவிட்டது. அதன் பிறகு அவர் மகள் வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. மடத்துக்கு வந்த இந்த ஒன்பது வருடத்தில் யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதும் இல்லை.

மறுநாள் காலை குரு பதிவறைக்குள் வந்தபோது, கோமதிநாயகம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"காப்பி குடிச்சியளா அண்ணாச்சி?"

"இல்ல."

"ஏன்?"

"சாமி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். என்கிட்ட இருந்த கோவம் போயிருச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒன்பது வருசமா பக்கத்துலயே இருக்கேன். உங்களுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? போயிருச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, மகளுக்கு வாக்குக் கொடுத்திருவேன். போகலைன்னு சொன்னா இங்கயே இருந்துக்கிடுதேன். அங்க போயி அந்தப் பிள்ளையை இன்னொரு தடவை அழ வைக்க என்னால முடியாது."

குரு பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் செருகியிருந்த பென் டிரைவின் நுனியில் ஒரு சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தார்.

"இது என்ன சொல்லுது?"

"எழுதி முடிச்சு, படிச்சுப் பாத்தாச்சு. பச்சை. இது நல்ல பென் டிரைவ்."

"இன்னொரு தடவை பாருங்க."

கோமதிநாயகம் பார்த்தார். பச்சை.

"இன்னொரு தடவை?"

"எத்தனை தடவை பாத்தாலும் பச்சைதான் சாமி. பழுதுன்னா முதல்லயே..."

குரு கையை நீட்டிப் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டார்.

தெரிந்து செய்தாரா, மினுக்கும் பொருளைக் கண்டால் கைவைக்கும் வழக்கத்தில் செய்தாரா என்பதில் மடத்தில் இன்றும் இரண்டு கட்சி உண்டு.

"ஐயையோ! அப்படிப் பிடுங்கக் கூடாது சாமி. கம்ப்யூட்டர்கிட்ட முதல்ல சொல்லணும். அது சரின்னு சொன்ன பிறகுதான் எடுக்கணும்."

"தப்புத்தான். இந்தாங்க, திரும்ப மாட்டிருங்க."

கோமதிநாயகம் அதை வாங்கி, துண்டால் துடைத்து, செருகினார். எதற்கும் பார்த்துவிடலாம் என்று மறுபடி ஒப்பிடச் சொன்னார்.

முதலில் கொஞ்ச தூரம் பச்சை வந்தது. பிறகு சிவப்பு. அதன் பிறகு கடைசிவரை சிவப்பு.

"நான் கெடுத்துட்டேனா?" என்றார் குரு.

கோமதிநாயகம் டப்பாவிலிருந்து இன்னொரு பென் டிரைவை எடுத்தார். எழுதினார், படித்தார். பச்சை. கம்ப்யூட்டரிடம் முறையாகச் சொல்லிவிட்டு அதைக் கழற்றி, மாட்டி, படித்தார். சிவப்பு. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நீங்க கெடுக்கலை. இத்தனை நாளும் நான் பென் டிரைவைச் சோதிக்கவே இல்ல சாமி."

"பிறகு?"

"எழுதினதுல ஒரு நகலை இந்தக் கம்ப்யூட்டர் தன்கிட்டயே வச்சிருந்திருக்கு. நான் படின்னு சொன்னதும் அதை எடுத்து நீட்டியிருக்கு. பென் டிரைவ்கிட்டப் போயி அது கேக்கவே இல்ல."

"ஏன் அப்படிச் செய்யுது?"

"கேட்டதும் சட்டுனு கொடுக்கணுமேன்னுதான்."

"அப்ப நல்ல எண்ணம்தான்."

"நல்ல எண்ணம்தான். ஆனா கழட்டி மாட்டினா அந்த நகல் போயிருது. பிறகு பென் டிரைவ்தான் பதில் சொல்லியாகணும்."

குரு தலையை ஆட்டினார். வெளியே யாரோ மாட்டுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கோமதிநாயகம் கையிலிருந்த பென் டிரைவைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். திரும்பவும் பென் டிரைவைப் பார்த்தார்.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை சாமி" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"மதுரைக்கு எத்தனை மணிக்கு பஸ்?" என்றார் குரு.

கோபப்படுவதில்லை என்று மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, கோமதிநாயகம் அன்று மத்தியானமே கிளம்பினார். பையைக் குரு தூக்கிக்கொண்டார். சீடர் எவ்வளவு மன்றாடியும் தரவில்லை. சாலை வரைக்கும் சீடர்தான் பேசினார். கஷாயப் பொடி எந்த அலமாரியில் இருக்கிறது, வெந்நீரை யார் வைப்பார்கள், மழை பெய்தால் பதிவறையில் எந்த ஓடு ஒழுகும். குரு எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டினார்.

பஸ் வந்தது. கோமதிநாயகம் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி."

"ஜன்னல் பக்கம் உக்காராதிய. உங்களுக்குச் சளி பிடிக்கும்."

பஸ் போய், சாலையில் கிளம்பிய தூசி அடங்கிய பிறகும் குரு அங்கேயே நின்றிருந்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. கடிந்துகொள்ளவும் ஆள் இல்லை.

ஒரு வாரம் போயிற்று. ஒரு சாயங்காலம் மடத்துப் போன் அடித்தது.

"சாமி, கோவப்பட்டுட்டேன்."

"யார் மேல?"

"சம்பந்தியம்மா மேலதான். நான் வச்ச ரசத்துல ஒரு செம்புத் தண்ணியை ஊத்திட்டாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."

"ஏன் ஊத்துனாக?"

"உப்புக் கூடிப்போச்சாம்."

"கூடியிருந்துச்சா?"

"கூடித்தான் இருந்துச்சு."

"கத்துனியளா?"

"கத்தலை. கரண்டியைக் கீழ வச்சேன்."

"அவ்வளவுதானே?"

"சத்தமா வச்சேன் சாமி. பிரமு படுத்திருந்த அறை வரைக்கும் கேட்டிருக்கு."

"பிறகு?"

"சட்டையை மாட்டிக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் போனேன். அங்க கொஞ்ச நேரம் நின்னேன். திரும்பி வந்து, 'உப்புக் கூடுதல்தான்'னு சொன்னேன்."

"அவுக என்ன சொன்னாக?"

"'தண்ணியும் கூடுதல்தான்'னு சொன்னாங்க."

குருவுக்குச் சிரிப்பு வந்தது. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"சிரிக்காதீங்க சாமி. வாக்குக் கொடுத்துட்டுல்லா வந்திருக்கேன்? பையை எடுத்து வச்சிட்டேன். ஏழு மணிக்கு ஒரு பஸ் இருக்கு. பிரமுகிட்டயும் போயிச் சொல்லிட்டேன். 'கோவம் வந்துருச்சும்மா, நீ சொன்ன மாதிரி நான் கெளம்பிருதேன்'னு."

"பிள்ளை என்ன சொல்லுச்சு?"

"என் முகத்தையே பாத்தா. 'ராத்திரிக்கு என்னப்பா சமைக்கப்போறீங்க?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னிய?"

"இன்னும் ஒண்ணும் சொல்லலை. உங்ககிட்டக் கேட்டுக்கிடுவோம்னு மொட்டை மாடிக்கு வந்துட்டேன். நான் இங்க இருக்கலாமா, சாமி? நீங்க சொன்னா இருக்கேன்."

மறுமுனையில், படிக்கட்டுக்குக் கீழேயிருந்து ஒரு பெண்குரல் 'அப்பா' என்று கூப்பிடுவது குருவுக்குக் கேட்டது.

"போனை வைங்க அண்ணாச்சி. பிள்ளை கேட்டது உங்ககிட்ட" என்றார்.