பனைமரத்தில் ஏறிய கீறல்கள்

கடலோரத்து அலையாத்திக் காடு ஒன்றில் ஒரு நரியும், ஓர் உடும்பும், ஒரு முயலும் வாழ்ந்தன. காட்டை ஒட்டி உப்பங்கழி ஓடியது. கழிக்கு அந்தப் பக்கம் உயரமான மணல்மேடு. மேட்டுக்குப் போக ஒரே ஒரு மண்பாதைதான் உண்டு. அதுவும் தாழ்வானது.

வெகு காலத்துக்கு முன் அங்கே ஒரு பெரும்புயல் அடித்தது. அதை நேரில் பார்த்தவர்களில் இந்த மூவர் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும், அது நின்ற உயரத்தை உடும்பு கழியோரப் பள்ளத்தில் நின்ற ஒரு பனைமரத்தில் நகத்தால் கீறி வைத்தது. நரியின் நெஞ்சளவு உயரம். "இனிமே இவ்வளவு பெரிய புயல் வர்ற மாதிரி இருந்தா, எல்லாரும் மேட்டுக்குப் போயிடணும். அளவு பார்த்துச் சொல்றது என் பொறுப்பு!" என்றது. நல்ல ஏற்பாடுதான்.

ஒவ்வோர் ஐப்பசியிலும், மழை பிடிக்கும் முன், விலங்குகள் அந்தப் பனையடியில் கூடும். நரி புயல் கதையைச் சொல்லும். அடடா, அந்தக் கூட்டங்கள்! மான்கள் ஒரு பக்கம், கீரிகள் ஒரு பக்கம், வளையை விட்டு வெளியே வந்த நண்டுகள் ஒரு பக்கம். நரி காற்றைப் போலவே ஊளையிடும்போது எல்லோருக்கும் உடம்பு சிலிர்க்கும். போனவர்களின் பேரைச் சொல்லும்போது எல்லோரும் அழுவார்கள். பிறகு எதையாவது நினைத்துச் சிரிப்பார்கள். அந்தச் சுகத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் முதல் வருடமே ஒரு கீரி கெடுத்துவிட்டது. கீறலைப் பார்த்து, "பூ, இம்புட்டுத் தண்ணிதானா?" என்றது.

நரிக்கு முகம் தொங்கிப்போயிற்று. "இல்லை இல்லை, இதுக்கு மேலேயே இருந்துச்சு! உடும்பு மாமா, அவசரத்துல கீழே கீறிட்டீங்க!"

உடும்பு யோசித்தது. புயல் எவ்வளவு பெரிதோ, பிழைத்தவனுக்கும் அவ்வளவு பெருமை. "ஆமாப்பா, இருக்கும்" என்று சொல்லி, ஒரு சாண் மேலே புதிதாக ஒரு கீறல் போட்டது.

மறுவருடம் இன்னொரு சாண். அதற்கு மறுவருடம் இன்னொன்று. பத்தே வருடத்தில் புயல் மான் கொம்புக்கு மேலே போய்விட்டது!

முயலுக்கு உண்மை தெரியும். அன்று அது பச்சைக் குட்டி. அதன் தாய் அதை வாயில் கவ்விக்கொண்டு மண்பாதையைக் கடந்தது. தண்ணீர் தாயின் வயிற்றைத்தான் தொட்டது. அதற்கே இழுப்பு தாங்கவில்லை. அடுத்த குட்டியை எடுக்கத் தாயால் திரும்பிப் போக முடியவில்லை.

தெரிந்தும் முயல் வாய் திறக்கவில்லை. தாய்முயலைப் பற்றி நரி சொல்லும் அந்த ஓர் இடத்துக்காகவே அது வருடம் முழுக்கக் காத்திருக்கும். அதனால் எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டியது.

ஒரு கார்த்திகை மாதக் காலையில் கொக்கு ஒன்று கடல் பக்கமிருந்து பறந்து வந்தது.

"கடல் கறுத்துப் போச்சு! மத்தியானத்துக்குள்ள புயல் கரைக்கு வந்துடும்! எல்லாரும் கிளம்புங்க!" என்று கத்திவிட்டுப் போனது.

முயலுக்கு அப்போது நான்கு குட்டிகள். பிறந்து ஐந்தே நாள். ஒரு நடைக்கு ஒரு குட்டியைத்தான் கவ்விக்கொண்டு போக முடியும். அது பனைக்கு ஓடியது. பள்ளத்தில் தண்ணீர் ஏறியிருந்தது; நரியும் மற்றவர்களும் அதன் கரையில் கூடியிருந்தார்கள்.

"மாமா, கிளம்பிடலாமா?"

உடும்பு பனையில் தொற்றிக்கொண்டு கீழே பார்த்தது. "கீறல் எங்கே, தண்ணி எங்கே! பழைய புயலுக்கு முன்னாடி இது வெறும் தூறல்!"

"போன வருஷமும் இப்படித்தான் குட்டியைத் தூக்கிட்டு ஓடினே. நாலு சொட்டு மழையோட போச்சு!" என்றது நரி. எல்லோரும் சிரித்தார்கள்.

முயல் வெட்கப்பட்டுத் திரும்பியது. மண்பாதை தொடங்கும் இடத்தில் அதன் பாதம் நனைந்தது. கழி பாதையில் ஏறத் தொடங்கிவிட்டது! இன்னும் கொஞ்ச நேரத்தில் அது வயிறு வரை வரும். முயலுக்கு அதன் தாய் ஞாபகம் வந்தது. திரும்ப ஓடி வந்தது.

"நரி அண்ணே, கடைசிக் கீறலைப் பார்க்காதீங்க! முதல் கீறல்தான் நிஜம்! தண்ணி அதுக்கு நாலு விரல் கீழே நிக்குது!"

"அப்போ பத்து வருஷமா நான் சொன்னது பொய்யா?" நரியின் குரல் உடைந்தது.

"நானும்தான் தலையாட்டினேன். உங்க கதை அழகுதான் அண்ணே. ஆனா என் பிள்ளைங்க அதுல ஏறி அக்கரைக்குப் போக முடியாது!"

நரி முதல் கீறலைக் குனிந்து பார்த்தது. நரிக்கும் எல்லாம் ஞாபகம் இருந்தது. முயலின் புதருக்கு ஓடி, ஒரு குட்டியை வாயில் கவ்வியது.

நரி வாயில் முயல்குட்டி பத்திரமாகப் போனது, அந்தக் காட்டில் அன்று ஒரு நாள்தான்! முயல் இரண்டு நடை, நரி இரண்டு நடை. மான்களும் கீரிகளும் பின்னாலேயே ஓடி வந்தன. கடைசிக் குட்டியோடு முயல் கரையேறியபோது தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டிருந்தது.

"மாமா, வாங்க!" என்று அக்கரையிலிருந்து நரி கத்தியது.

"போங்கடா பயந்தாங்கொள்ளிகளா! இன்னும் ஒன்பது சாண் பாக்கி இருக்கு!" என்றது உடும்பு. பனையைப் பிடித்த பிடியை அது விடவில்லை. உடும்புப் பிடி அல்லவா!

உச்சி வெயில் அடிக்க வேண்டிய நேரத்தில் காற்று பனையை வேரோடு சாய்த்தது. அப்போதும் தண்ணீர் மூன்றாவது கீறலைத் தொடவில்லை. உடும்பு மரத்தோடு சேர்ந்து கடலுக்குப் போனது.

மறு ஐப்பசியில் விலங்குகள் மணல்மேட்டில் கூடின. "ஆமாப்பா, இருக்கும்" என்று சொல்ல ஆளில்லாமல் கூட்டம் வெறிச்சென்று இருந்தது.

"தண்ணி பனை உச்சி வரைக்கும் வந்ததுன்னு சொல்லுங்க அண்ணே. மாமாவுக்கு அதுதான் மரியாதை!" என்றது ஒரு மான்.

"எனக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசை. ஆனா வந்தது அவர் போட்ட ரெண்டாவது கீறல் வரைக்கும்தான். அதுக்கே நம்ம மாமா போயிட்டார்!" என்று சொல்லி, நரி வாய்விட்டு அழுதது.

நீதி: கடந்துபோன ஆபத்தைக் கதையில் பெரிதாக்கிக்கொண்டே போகிறவர்களுக்கு, எதிரே வரும் ஆபத்து சிறியதாகவே தெரியும்.