மூன்று மழை கண்ட ஓலைகள்

முன்னொரு காலத்தில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு நாட்டில், எதையும் எடை போட்டே நம்புகிற மன்னர் ஒருவர் ஆண்டு வந்தார். அவர் அவையில் விகடராக இருந்த ஆனையப்பர் எங்கள் முன்னோர். இந்தக் கதையில் அவரைக் கோணங்கியாக்கிச் சொல்கிறவர்கள் உண்டு. அவர் கோணங்கி அல்லர். எங்கள் வீட்டில் சொல்லிவரும் விதத்திலேயே சொல்கிறேன்.

அந்த நாட்டு வைத்திய சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுதோறும் ஆவணி மாதம் அவை நடுவே பெரிய தராசு ஒன்றைத் தொங்கவிடுவார்கள். ஒரு தட்டில் எடைக்கற்கள். மறு தட்டில் ஒவ்வொரு வைத்தியரும் தம் உழைப்பால் விளைந்த ஓலைகளை வைக்க வேண்டும். தட்டு இறங்கினால் ஆசனம் நிலைக்கும். இறங்காவிட்டால் ஆசனம் போகும். மூன்று ஆண்டு தலைநகரிலேயே தங்கி மற்றவர்களின் சுவடிகளைப் படியெடுக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு கல்தான் இருந்தது. சபைத் தலைவர் சர்வோத்தம பண்டிதர் ஆண்டுக்கொன்றாகக் கூட்டி ஆறாக்கியிருந்தார். ஏனென்று கேட்கும் தெம்பு எவருக்கும் இல்லை. எல்லாரும் ஓலை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பண்டிதர் வாந்திபேதியைப் பற்றி நாற்பது சுவடிகள் எழுதியவர். வாந்திபேதி கண்ட வீட்டுக்குள் ஒருமுறையும் நுழைந்ததில்லை. ஒரு சுவடியில் அடங்குவதை ஐந்தாகப் பிரித்து எழுதுவார். சீடர்கள் தங்கள் சுவடிகளில் "எங்கள் பண்டிதர் சொன்னபடி" என்று எழுதுவார்கள்.

அந்த ஆண்டு உமையாள் என்ற வைத்தியர் ஒரே ஓர் ஓலையைத் தட்டில் வைத்தார். தராசு அசையவில்லை.

"ஈ உட்கார்ந்திருந்தாலும் கொஞ்சம் ஆடியிருக்கும்" என்றார் பண்டிதர்.

உமையாள் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆற்றங்கரை ஊர்கள் ஏழில் இருந்தவர். அங்கே ஒவ்வொரு மழைக்கும் பிள்ளைகள் வாந்திபேதியில் சாவார்கள். மாட்டுத்தொட்டிக் கழிவு கிணற்றில் இறங்குவதை அவர் கண்டுபிடித்தார். அதை ஊராரை நம்பவைக்கவே மூன்று ஆண்டு பிடித்தது. நான்கு ஊர்களில் கிணற்றைச் சுற்றிச் சுவர் எழும்பியது. அங்கே சாவு நின்றது. மூன்று ஊர்களில் சுவர் பாதியில் நின்றது. ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டே மாதம்.

"அரசே, எழுத உட்கார்ந்திருந்தால் அந்த நாலு சுவரும் எழும்பியிருக்காது. மற்ற மூன்றையும் முடிக்க விடுங்கள். பிறகு எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் படியெடுக்கிறேன்" என்றார் உமையாள். அவர் குரலில் கெஞ்சல் இல்லை, களைப்புதான் இருந்தது.

ஆனையப்பர் எழுந்தார். "மன்னர்பிரானே, இந்த அம்மையின் உழைப்புக்கு எடை உண்டு. தராசுக்குத்தான் அது தெரியவில்லை."

மன்னருக்கு விளையாட்டுப் புத்தி கிளர்ந்தது. "அப்படியா? சாகாத பிள்ளைகளைத் தராசில் வைத்துக் காட்டும். எட்டு நாள் தவணை."

"ஓலையாகத்தான் இருக்க வேண்டும்" என்று பண்டிதர் குறுக்கிட்டார். "இல்லாவிட்டால் விகடர் பிள்ளைகளையே தூக்கிவந்து உட்கார்த்திவிடுவார்."

"ஓலையாகவே இருக்கட்டும். தோற்றால், விகடரே, உமது தலைப்பாகையை இங்கே கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும்."

அந்தத் தலைப்பாகை ஆனையப்பருக்கு அவர் தகப்பனார் கட்டிவிட்டது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஆகட்டும்" என்றார்.

ஆற்றங்கரை ஊர்களில் வேறொரு வழக்கம் உண்டு. மூன்று மழை காணாத பிள்ளைக்கு அங்கே ஜாதகம் எழுதமாட்டார்கள். நிலைக்காத பிள்ளைக்கு ஓலை எதற்கு என்பது அவர்கள் கண்ட கணக்கு. ஆனையப்பர் மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு, சுவர் எழும்பிய நான்கு ஊர்களுக்கும் போனார். வீடு வீடாகப் பிள்ளைகளின் ஜாதக ஓலையைக் கேட்டார். ஒரு வீட்டில் மட்டும் தாய் தயங்கினாள்.

"வழியில ஒடிஞ்சுபோனா என்ன செய்யிறது, ஐயா?"

"ஒடிந்தால் புதிதாக எழுதித் தருவது என் பொறுப்பு, தாயே."

அவள் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். "ஓலை ஒடிஞ்சா எழுதிக்கலாம். எடுத்துட்டுப் போங்க. இதுக்கு முன்ன மூணு பேருக்கு எழுதவே இல்ல."

எட்டாம் நாள் கட்டுக்கட்டாக ஜாதக ஓலைகள் தட்டில் ஏறின. பண்டிதர் முகம் சுண்டியது.

"இவற்றை இந்த அம்மை எழுதவில்லையே."

"உங்கள் சுவடிகளையும் சீடர்கள்தானே எழுதுகிறார்கள்? விதி கேட்பது உழைப்பால் விளைந்த ஓலை. எழுதிய கையை அது கேட்கவில்லை" என்றார் ஆனையப்பர்.

"முன்பும் சில பிள்ளைகள் பிழைத்தார்களே?"

"நியாயமான கேள்வி. முன்பெல்லாம் ஊருக்கு ஆண்டுக்கு ஒன்பது ஜாதகம் எழுதினேன் என்றார் அந்தப் பக்கத்துச் சோதிடர். ஆண்டுக்கு ஒன்பதைக் கழித்து அங்கேயே வைத்துவிட்டேன். இது மிச்சம்."

பண்டிதர் கடைசியாக ஒன்று கேட்டார். "இந்த ஓலைகளை எவர் எடுத்தாளப் போகிறார்கள்? என் சுவடியை இருபது பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள்."

"இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டு பொறுங்கள். கல்யாணப் பொருத்தம் பார்க்க நாலு ஊரும் இவற்றைத்தான் புரட்டும். உங்கள் சுவடியைப் புரட்டாமல் விடாதது கரையான் ஒன்றுதான்."

கடைசிக் கட்டு ஏறியதும் தட்டு மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. மன்னர் சிரித்தார். சிரித்து முடிக்கும்போது அவர் கண் அந்த ஓலைகளின் மேலேயே நின்றது. "அம்மை ஊருக்குப் போகலாம். ஆசனம் அவருடையதே. விகடரே, உமக்கு என்ன வேண்டும்?"

"இந்த ஆறு எடைக்கற்களும், அரசே."

மன்னர் மறுபடி சிரித்து, ஒரு பட்டாடையும் சேர்த்துக் கொடுத்தார். கற்களையும் ஜாதகங்களையும் ஏற்றிக்கொண்டு வண்டி ஆற்றங்கரைக்குப் போயிற்று. ஓர் ஓலைகூட ஒடியவில்லை. ஐப்பசி மழைக்கு முன் மூன்று சுவர்களும் எழும்பின.

வழக்கம் மட்டும் மாறவில்லை. அடுத்த ஆவணியில் தராசைத் தொங்கவிட்டார்கள். அந்த முறை பண்டிதரும் சீடர்களும், சோதிடர்களிடம் வாங்கிய ஜாதகக் கட்டுகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து நின்றார்கள்.

மன்னர் கற்களைக் கொண்டுவரச் சொன்னார். கற்கள் இல்லை. கிணற்றுக்கு இரண்டாக அவை சுவர்களில் இருந்தன. வெறும் தராசையும் வண்டிகளையும் பார்த்து மன்னர் மூன்றாம் முறை சிரித்தார். ஆனையப்பர் சிரிக்கவில்லை. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்கு வந்தார் என்பார்கள்.