போட்டோவுக்கு நின்ன பைப்

என்னடா, மூணு நாளா குளிக்காம, நாலு பேரும் சென்ட் அடிச்சிக்கிட்டு வந்து உக்காந்திருக்கீங்க? ஊர்ல தண்ணி இல்லன்னு பொலம்ப மட்டும் கரெக்டா வந்துருவீங்க. ஒரு கதை சொல்றேன், மூக்கப் புடிச்சிக்கிட்டே கேளுங்க.

ஒரு டவுன்ல தணிகாசலம்னு ஒருத்தரு வீடு கட்டியிருந்தாரு. அந்த வீட்டுல முந்நூறு அடி ஆழத்துக்கு ஒரு போர். மோட்டார் போட்டா காத்துதான் வரும். "இந்த வருஷமும் தண்ணி எறங்கலன்னா என்னை மூடிருவாங்க"ன்னு அதுக்கு ஒரே பயம்.

அந்த நேரம் பாத்து, வீட்டுக்கு வீடு மழைத்தண்ணிய மண்ணுக்குள்ள விட்டே ஆகணும்னு சட்டம் வந்துச்சு. ஒடனே மொட்டமாடியிலேர்ந்து ஒரு பைப் எறங்கி மண்ணுக்குள்ள நின்னுச்சு.

போருக்கு சந்தோஷம் தாங்கல. "வா தம்பி! உனக்காகத்தான் உசுர கையில புடிச்சிட்டிருக்கேன். எவ்ளோ ஆழம் வந்திருக்க?"

"ஒரு அடிண்ணே."

"மீதி?"

"மீதியா? நான் போட்டோவுக்கு வந்தவன்ணே."

ஆபீசர் வந்தாரு. பைப்ப தட்டிப் பாத்தாரு. "கீழ குழி இருக்குல்ல சார்?"

"பின்ன, இல்லாமயா?"ன்னு தணிகாசலம் காபிய நீட்டுனாரு. ஆபீசர் குடிச்சாரு, போட்டோ எடுத்தாரு. 'வெள்ளமும் வறட்சியும் அண்டாத வீடு'ன்னு கேட்ல ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிட்டாரு.

ஐப்பசியில மழை வந்துச்சு. ஒரு மாசம் பெய்ய வேண்டியத ஒரே நாள்ல கொட்டிருச்சு. பைப்புக்குள்ள பாஞ்ச வேகத்துல மண்ணுல போய் மண்டைய இடிச்சுக்கிச்சு.

"ஏன்டா, வழி எங்க?"ன்னு பைப்பக் கேட்டுச்சு மழை.

"அவ்ளோதான்க்கா வழி."

"கீழ ஒருத்தன் தண்ணி தண்ணின்னு கத்துறான், எனக்கே கேக்குது. நான் எங்கடா போவேன்?"

"ஹால் காலியாத்தான் இருக்கு, போங்கக்கா."

மழை ஹாலுக்குப் போச்சு. சோபா மெதந்துச்சு. தணிகாசலம் முட்டியளவு தண்ணியில நின்னுக்கிட்டு டேங்கர்காரனுக்கு போன் போட்டாரு. "ஒரு லோடு அனுப்புப்பா, வீட்ல சொட்டுத் தண்ணி இல்ல."

"தெருவெல்லாம் வெள்ளம் சார், வண்டி வராது."

போர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. மாசி மாசம் அது வாயில சிமெண்ட ஊத்தி மூடிட்டாங்க. பைப் மட்டும் நிக்குது, புது பெயிண்டோட.

என்னடா சிரிக்கிறீங்க? பாலிடெக்னிக்க பாதியில விட்டுட்டு பிளம்பிங் வேலைக்குப் போனேன்ல, அந்தத் தெருவுல இருபத்திரெண்டு வீட்டுக்கு ஒத்த அடி பைப்ப சொருவுனது நான்தான். ஆபீசர் ஆட்டிப் பாத்தா கையோட வந்துரக் கூடாதுன்னு சுத்தி மண்ண நல்லா மிதிச்சு வேற விட்டேன்.