முற்றிய மூங்கிலுக்கு ஆமணக்கெண்ணெய்

இந்தக் கதையைப் பல வருஷம் நான் நம்பவில்லை. சொன்னவர் பொய் பேசுகிறவர் அல்ல. பஞ்சாலை மூடி வேலை போனபின், ஐம்பது வயதில் நாலு வருஷம் எலும்புமுறிவு வைத்தியம் கற்றுக்கொண்ட மாசிலாமணி அண்ணன், என் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னது. வலி தெரியாமலிருக்கச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். கதைதான் என்னை விடவில்லை.

ஆற்றைக் கடக்க ஓடம் ஒன்றே வழியாக இருந்த காலம். பூவாற்று நாட்டை வளவராயன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் மனசு ஆடி மாசத்துக் காற்று. ஒருநாள் ஓடத்தில் போகும்போது அலை தெறித்து அவன் மீசை நனைந்துவிட்டது. அன்றைக்கே கல்பாலம் கட்ட உத்தரவு போட்டான். இரண்டு வருஷத்தில் பாலம் எழுந்தது. ஊரே மெச்சியது. ஓடக்கார வேம்பன் வீட்டு அடுப்பு மட்டும் அணைந்தது.

வேம்பனுக்கு வயது ஐம்பத்தொன்று. முன்பொருமுறை ஓடத்தில் ஏறிய ஆட்டுக்குட்டியின் கால் பிசகியபோது அவன் நீவிச் சரிசெய்ததை அரண்மனை வைத்தியர் பார்த்திருந்தார். வேலை போன சேதி கேட்டுக் கூப்பிட்டனுப்பினார்.

"உன் விரலுக்கு எலும்பின் போக்கு தெரிகிறது. நாலு வருஷம் வந்து படி. வித்தை நான் தருவேன். அரிசியை அரண்மனைதான் அளக்க வேண்டும்" என்றார்.

வைத்தியசாலையில் படிப்பவனுக்கு நாளுக்கு இரண்டு படி அரிசி கொடுப்பது அந்த நாட்டு வழக்கம். ஓர் இடம் காலியாகவும் இருந்தது. ஆனாலும் வேம்பன் மூன்று நாள் வீட்டைவிட்டு நகரவில்லை. ஐம்பதில் போய் வளைய முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு கிடந்தான்.

"வளைய வேண்டியது உம்ம முதுகா, புத்தியா?" என்றாள் அவன் மனைவி வீராயி. "பானையில் கம்பு இன்னும் எட்டு நாளைக்குத்தான் இருக்கு. போய்க் கேட்டுட்டு வாரும்."

பழக்கதோஷத்தில் ஓடக்கோலை ஊன்றிக்கொண்டே சபைக்குப் போனான்.

அரிசி அளக்கும் அதிகாரி கோதண்டராயர், அந்த இடத்தைத் தம் மைத்துனர் மகனுக்கென்று எடுத்து வைத்திருந்தார். போதாததற்கு, வைத்தியர் ஓர் ஓடக்காரனை மெச்சியது அவருக்கு வயிற்றெரிச்சல்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, மகாராஜா? இவன் படித்து முடிப்பதற்குள் இவன் இடுப்புக்கே கட்டுப் போட ஆள் தேட வேண்டிவரும்."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். பிறகு அவன் கண் ஓடக்கோலில் நின்றது.

"அந்த மூங்கிலுக்கு என்ன வயதப்பா?"

"என் கையில் முப்பது வருஷம், மகாராஜா. அதற்கு முன் என் அப்பன் கையில் இருபது."

"சரியாக ஐம்பது! அதை வளைத்துக் காட்டு. வளைந்தால் இடம் உனக்கு. முறிந்தால் உன் ஓடத்தை விறகாக்கிவிட்டு, காலமெல்லாம் பாலத்தைப் பெருக்கு."

"அது வளைந்தால்," என்றார் கோதண்டராயர் உற்சாகமாக, "நாலு வருஷத்து அரிசியையும் நானே தலையில் சுமந்துபோய் இவன் வாசலில் அளக்கிறேன்."

வேம்பன் கோலைக் கோதண்டராயரிடம் நீட்டினான். "பெரியவர் முதலில் வளைத்துப் பார்க்கட்டும்."

கோதண்டராயர் கோலை முழங்காலில் வைத்து அழுத்தினார். முக்கினார். தலைப்பாகை கழன்று விழுந்ததே தவிர, கோல் அசையவில்லை.

"பார்த்தீர்களா? பழமொழி பொய்க்காது" என்றார் மூச்சு வாங்க.

"நீங்கள் வெறுங்கையோடு அல்லவா கேட்டீர்கள், சாமி" என்ற வேம்பன் ராஜாவைப் பார்த்தான். "மடைப்பள்ளியிலிருந்து கொஞ்சம் தணலும் ஒரு கிண்ணம் ஆமணக்கெண்ணெயும் வேண்டும்."

"அரண்மனை எண்ணெயை ஏன் வீணாக்க?" என்றார் கோதண்டராயர்.

"கொடுங்கள்" என்றான் ராஜா.

ஓடத்துக் கூண்டுக்கு எத்தனையோ மூங்கில் வளைத்த கை அது. ஆனால் இவ்வளவு பழைய மூங்கிலை அவன் வளைத்ததில்லை. எண்ணெய் தடவினான். தணலுக்கு மேல் உருட்டி உருட்டிக் காட்டினான். எங்கோ ஒரு கணுவில் 'டக்'கென்றது. கோதண்டராயர் முகம் மலர்ந்தது. வேம்பன் நிறுத்தவில்லை, இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் கொஞ்சம் பொறுமை. மூங்கில் வியர்த்தது. மெதுவாக, வில்லைப்போல, வளைந்து கொடுத்தது. வளைவு நிமிராமலிருக்க ஈரத்துணியைச் சுற்றி அதை ராஜாவின் காலடியில் வைத்தான்.

"ஐந்து வயதில் எல்லாரும் வளைகிறோம், மகாராஜா. அப்போது சோறு போட அப்பனும் ஆத்தாளும் இருக்கிறார்கள். ஐம்பதில் அடுத்தவருக்குச் சோறு போடுகிறவர்களே நாங்கள்தான். வளைய மாட்டோம் என்றா சொன்னோம்? எண்ணெய் தர ஆளில்லை."

ராஜா மீசையைத் தடவினான்.

"இது நனைந்ததற்குப் பாலம் கட்டினேன். உன் அடுப்பு அணைந்ததை யாருமே சொல்லவில்லையே." பிறகு திரும்பினான். "கோதண்டரே, மூட்டை தூக்கத் தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொள்ளும்."

அதுவரை அந்தப் பாலத்தில் கால் வைக்காமல் தன் ஓடத்திலேயே ஆற்றைக் கடந்துகொண்டிருந்த வேம்பன், அன்று முதன்முறையாக அதன்மேல் நடந்து வீட்டுக்குப் போனான். நடுவில் நின்று ஆற்றைப் பார்த்தான்.

மாதப் பிறப்பன்று கோதண்டராயர் மூட்டையோடு வந்து சேர்ந்தார்.

"பார்த்து இறக்கும், சாமி" என்றாள் வீராயி. "இடுப்புப் பிடித்துக்கொண்டால், எங்க வீட்டு வைத்தியர் இன்னும் படித்து முடிக்கலை."

கதை இவ்வளவுதான். மூங்கில் வளைந்ததை நம்பிவிட்டேன். ராஜா மனம் மாறியதையும் நம்பலாம். எனக்குத் தொண்டையில் இறங்காதது, ஐம்பதில் படிக்கப் போனவன் வாசலுக்கே வந்து சேர்ந்த அந்த அரிசிதான். போன வாரம் மாசிலாமணி அண்ணனிடம் கேட்டே விட்டேன்:

"அண்ணே, நீங்கள் படித்த நாலு வருஷமும், உங்கள் வீட்டுக்குப் படியளந்தது யார்?"