அடியில் இருந்த எண்

ஒரு புதிர் போடுகிறேன். ஆயிரத்து இருநூறு அறைகள் கொண்ட ஒரு வீடு. எந்த அறையிலும் விரிசல் இல்லை, ஒழுகல் இல்லை. ஆனாலும் தினமும் காலையில் வீட்டை மொத்தமாக இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுகிறார்கள். ஏன்?

தெரியாவிட்டால் பரவாயில்லை. சேந்தனுக்கும் மூன்று வாரமாகத் தெரியவில்லை.

சேந்தன் வேலை பார்த்த இடத்தில் ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருள் எழுதினார்கள். மொத்தம் ஆயிரத்து இருநூறு பகுதிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. மனிதர் எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டுகிற வடிவத்துக்குக் கட்டித் தருவதற்கு பில்ட் என்று பெயர். அதற்கு ஐம்பது நிமிடம் பிடித்தது. ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் ஐம்பது நிமிடம்தான்.

அதைக் குறைக்க ஒரு புதுக் கருவி வந்தது. ஒருமுறை கட்டிய பகுதியை அது பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளும். அந்தப் பகுதியும் அதற்கு அடியில் இருப்பவையும் மாறாதவரை, வைத்திருந்ததையே எடுத்துக் கொடுக்கும். மாறியிருந்தால் மட்டும் புதிதாகக் கட்டும்.

கருவியை அமைக்கும் பொறுப்பு சேந்தனுடையது. நாற்பத்து நாலு வயதில் அவனுக்கு இந்த வேலை புதிது. சொல்லிக்கொடுத்தவர் ஜெசிந்தா, அவனைவிடப் பதின்மூன்று வயது சின்னவர். அவன் மேடம் என்பான், அவர் அண்ணே என்பார். யார் குரு, யார் சீடன் என்பதில் இருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

கருவி ஓடியது. ஆனால் விசித்திரமாக ஓடியது. காலையில் ஐம்பது நிமிடம். அதன் பிறகு நாள் முழுக்க அரை நிமிடம். மறுநாள் காலையில் மறுபடியும் ஐம்பது.

“தூங்கி எழுந்தா உன் கருவிக்கு எல்லாம் மறந்துபோகுதுப்பா,” என்றான் பக்கத்து மேசை பஷீர். “வல்லாரை அரைச்சுக் குடு.”

சேந்தனால் சிரிக்க முடியவில்லை. அவன் மனம் திருச்சியில் இருந்தது.

அங்கேதான் அவனுடைய ஒன்பது வயது மகள் பொன்னி இருந்தாள். அவனும் மனைவியும் பிரிந்தபோது அவள் அம்மாவோடு போனாள். மே மாத விடுமுறையை அப்பாவிடம் கழிப்பதா, திருச்சியிலேயே இருப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்று பெரியவர்கள் இருவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக அவளும் சொல்லியிருந்தாள்.

தினமும் மாலை ஏழு மணிக்குச் சேந்தன் கூப்பிடுவான். புதன்கிழமையும் கூப்பிட்டான்.

“பாப்பா, நீ போய் இன்னியோட இருநூத்திப் பதினஞ்சு நாள்.”

“ம்.”

“அப்பா தினம் எண்ணிக்கிட்டே இருக்கேன்டா.”

“ம். தெரியும்ப்பா.”

“உன் ரூமை அப்படியே வெச்சிருக்கேன். எதையும் தொடலை.”

“சரிப்பா.”

“அப்புறம்?”

“அம்மா கூப்பிடுறாங்க.”

ஒன்றரை நிமிடத்தில் பேச்சு முடிந்தது. முந்தின நாளும் ஒன்றரை நிமிடம்தான்.

வியாழக்கிழமை காலை, மறுபடியும் ஐம்பது நிமிடம் ஓடத் தொடங்கியபோது, சேந்தன் ஜெசிந்தாவிடம் போய் நின்றான்.

“மேடம், ஆயிரத்து இருநூறையும் பார்த்துட்டேன். ஒண்ணும் மாறலை. ஆனா எல்லாம் மாறிடுச்சுன்னு கருவி சொல்லுது. கருவிதான் பொய் சொல்லுது.”

“எங்கேயிருந்து பார்த்தீங்க?”

“மேலேயிருந்து.”

ஜெசிந்தா தன் திரையின் பக்கம் திரும்பினார். எல்லாப் பகுதிகளுக்கும் அடியில் இருக்கும் ஒரு சின்னப் பகுதியை எடுத்தார். நேற்று அதற்குள் கருவி என்னென்ன பார்த்தது என்று ஒரு தாளில் அச்சடித்தார். இன்று என்னென்ன பார்த்தது என்று இன்னொரு தாளில். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். வெளியே நல்ல வெயில்.

“வாசிங்க.”

சேந்தன் கண்ணைக் கிட்டே கொண்டுபோனான். வெளிச்சம் இரண்டு தாளையும் ஊடுருவி வந்தது. எழுத்துகள் எழுத்துகளோடு சரியாகப் பொருந்தி, ஒரே தாள் போலத் தெரிந்தன. பதினேழாவது வரியில் மட்டும் ஓர் இலக்கம் கலங்கலாக இருந்தது.

மேல் தாளை அவன் விலக்கிப் பார்த்தான். ஒன்றில் 215. மற்றதில் 216.

“இது என்ன எண், அண்ணே?” என்று கேட்டார் ஜெசிந்தா.

“பில்ட் எண். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு எண் வேணும்னு கேட்டாங்க. நான்தான் எழுதினேன்.”

“எந்த நாள்ல இருந்து எண்ணுது?”

“செப்டம்பர் பன்னிரண்டு.”

“அன்னிக்கு இங்கே என்ன ஆரம்பிச்சோம்?”

“இங்கே ஒண்ணும் இல்லை, மேடம்.”

ஜெசிந்தா தாள்களைக் கண்ணாடியிலிருந்து எடுத்து மடித்தார். சேந்தன் தன் மேசைக்குப் போகாமல் அங்கேயே நின்றான்.

“அடியில இருக்கிறது தினம் மாறுது,” என்றான் மெதுவாக. “அதான் அதுக்கு மேல இருக்கிற அத்தனையையும் தினம் கட்டவேண்டியிருக்கு.”

“கருவி பொய் சொல்லலை.”

“இல்லை,” என்றான் சேந்தன். “அந்த வரியை அழிச்சிடட்டுமா?”

“ஏன், எண் வேணாமா?”

“வேணும்.”

“வேணும்னா ஏன் அழிக்கணும்? கடைசிக்குக் கொண்டு போங்க. எல்லாம் கட்டி முடிச்சதுக்கு அப்புறம் மேலே ஒட்டுங்க. தினம் மாறினா மாறிட்டுப் போகட்டும். அதுக்கு மேல நிக்க ஒண்ணும் இருக்காது.”

“தேதி? செப்டம்பர் பன்னிரண்டை மாத்தணுமா?”

“அதை நான் கேக்கலையே அண்ணே.”

அந்த வரியை இடம் மாற்றப் பிற்பகல் முழுவதும் பிடித்தது. முந்நூறு பகுதிகள் அதைத் தேவையே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக விடுவித்தான்.

வெள்ளிக்கிழமை காலை பில்ட் முப்பத்தொரு விநாடியில் முடிந்தது.

“போச்சு,” என்றான் பஷீர். “இனிமே டீ குடிக்கப் போறதுக்கு என்னத்தைச் சொல்றது?”

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குச் சேந்தன் திருச்சிக்குக் கூப்பிட்டான். மணி அடித்ததும் பொன்னி எடுத்துவிட்டாள். பின்னால் ஏதோ தளும்பும் சத்தம்.

“என்ன பாப்பா சத்தம்?”

“வாளிப்பா.”

“வாளியில என்ன பண்றே?”

“தலைய உள்ள விட்டு எண்ணுறேன். முப்பது எண்ணிட்டேன். நீச்சல் கண்ணாடி வாங்கியிருக்கேன், பச்சைக் கலர்.”

“மூக்குல தண்ணி போகாதா?”

“போகும். முதல்ல மூச்ச வெளியே விடணும்ப்பா. நீங்க விட்டிருக்கீங்களா?”

“எனக்கு நீச்சலே தெரியாதுடா.”

“ஐயோ! தெரியாதா?” பொன்னி வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு மூச்சை எப்படி விடுவது என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். சேந்தன் ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, போனைத் தூரமாக வைத்துவிட்டு, தலையை உள்ளே விட்டான். பன்னிரண்டுவரைதான் எண்ண முடிந்தது. “பன்னிரண்டு ஒரு கணக்கா?” என்று போனுக்குள்ளிருந்து கேலி வந்தது.

நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. தலை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“பாப்பா,” என்றான். “எனக்கு உன்னைத் தேடுதுடா.”

“எனக்கும்ப்பா.”

முடிவு என்ன என்று சேந்தன் கேட்கவில்லை. அவளே சொன்னாள். நீச்சல் வகுப்பு மே ஐந்தாம் தேதி ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் நான்கு நாள் வருவாள். மற்ற நாளெல்லாம் திருச்சியில் இருப்பாள்.