சத்தம் அடைத்த படம்

இஸ்ரவேலின் இழுப்பு மூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. கேமராவுக்குப் பின்னால் அவர் நின்றால், உடைந்த புல்லாங்குழலை யாரோ ஊதுவது போலிருக்கும்.

அவர் இறந்த மறுமாதம், எங்கள் வீடியோகிராபர் சங்கக் கூட்டத்தில் தலைவர் தாணுலிங்கம், தேர் சாயும் காட்சியைச் சத்தமில்லாமல் ஓட்டிக் காட்டி, தான் எடுத்ததென்று சங்கத்தின் பரிசுக்கு நின்றார்.

இஸ்ரவேலுக்கு லைட் பிடித்துவந்த அவர் மனைவி ரூபி எழுந்தாள். "அது எங்க வீட்டுக்காரரு எடுத்தது."

"அப்போ செத்தவனே வந்து சொல்லட்டும்!" என்றார் தாணுலிங்கம்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"சொல்லுவாரு. சத்தத்த மட்டும் திறந்து விடுங்க சார்."

தலைவர் கல்யாண வீடியோவில் பாட்டை ஒட்டியே பழகியவர். கேமராவில் பதிந்த சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை. தைரியமாகத் திறந்தார்.

விளக்கணைத்த கூடத்துக்குள் அந்த மூச்சு வந்தது. பிறகு குரல்: "ரூபி, லைட்டத் தாழ்த்தாத பிள்ளே."

அவள் கை தானாக உயர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை.

தாணுலிங்கம் கேமராவை விற்றுவிட்டு மார்த்தாண்டத்தில் டயர் கடை வைத்தார்.